ஏதாவது ஒரு விசையை அமுக்கவும்

நேற்று உன் அண்ணன் புது ரைஸ் குக்கர் ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து வெள்ளை நுரைப்பலகையை இழுத்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம், கூடவே புது பிளாஸ்டிக்கின் வாசம். அவ்வளவுதான், உன்மேல் கோபம் வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நாத்தனாரை நினைத்தால் கண் கலங்கவேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது, என்ன செய்ய.

இதே சத்தத்தோடும் இதே வாசத்தோடும்தான் பல வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கடை விரித்தாய். மதர்போர்டு ஒரு பெட்டியில், ஹார்ட்டிஸ்க் ஒரு பையில், மின்விசிறி ஒன்று, திருகாணிகள் என் பாயசக் கிண்ணத்தில். கேட்காமலே எடுத்த கிண்ணம். நான் சாப்பாட்டு மேசையைத் துடைக்கும் முன்பே அது உன் பட்டறை ஆகிவிட்டது.

ஏன் பொறுத்துக்கொண்டேன் என்பது உனக்கும் தெரியும். பத்து பெரெண்டாம் வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது உன் வேலை போயிருந்தது. கணவரையும் இழந்தவள் நீ. ஜொகூரில் விடுதியோடு ஒரு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பஸ். மகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. அந்தப் பெண் அதைக் கேட்ட நாளிலிருந்து உன்னோடு சரியாகப் பேசவில்லை. போகாமல் இருக்க உனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர், மலாய் பேசும் நம் மலாக்கா செட்டிக்காரர், பண்டார் ஹிலிரில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை தொடங்கும் மகனுக்காக ஒரு கணினி தேடிக்கொண்டிருந்தார். கடையில் வாங்காதீர்கள், பாகங்களை வாங்கி நானே பூட்டித் தருகிறேன் என்று வேலிக்கு மேலேயே சொல்லிவிட்டாய். ஞாயிறு சாயங்காலம் எடுத்துக்கொள்வதாக அவரும் சொன்னார். அது ஓடினால் அவருடைய உறவுக்காரர்களும் கேட்பார்கள், நீ இங்கேயே இருக்கலாம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை பஸ்.

பூட்டுவதில் நீ கெட்டிக்காரி, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. மத்தியானத்துக்குள் பெட்டி உயிர் பெற்று ‘பீப்’ என்றது. வினை அதற்குப் பிறகு, விண்டோஸ் போடும்போது தொடங்கியது.

கண்ணாடியைத் தொழிற்சாலை லாக்கரிலேயே விட்டுவிட்டு வந்தவள் நீ. ஆகவே திரையைப் படிப்பது என் வேலை, அமுக்குவது உன் வேலை. நீலத் திரையில் மஞ்சள் கோடு நத்தையாக நகரும். கோப்புகளை எல்லாம் நகலெடுத்துவிட்டுக் கணினி தானே அணைந்து தானே எழும். கறுப்புத் திரையில் ஒரு வரி வரும்: சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அமுக்கவும். நான் படிப்பேன், நீ அமுக்குவாய். உடனே பழையபடி நீலத் திரை, பழையபடி முதல் கேள்வி. செய்ததை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி மஞ்சள் கோடு.

“ஹார்ட்டிஸ்க் ரோசாக் போல அண்ணி,” என்றாய். கெட்டுப்போனதுதான் என்று நானும் நம்பினேன். கேபிளை மாற்றினாய். ராமைக் கழற்றி, என் அழிப்பான் ஒன்றால் அதன் பல்வரிசையைத் தேய்த்தாய். சிடியைத் துடைக்க வேறு துணி இல்லாததுபோல் உன் அண்ணனின் சலவை வேட்டியை எடுத்தாய். சூடாகிறதோ என்று மேசை விசிறியைத் திருப்பி வைத்தோம். நான் திருத்தவேண்டிய தேர்வுத்தாள்கள் கூடம் முழுக்கப் பறந்தன. ஒவ்வொரு முறையும் அந்தக் கறுப்புத் திரை வந்தது. நான் ஒவ்வொரு முறையும் படித்தேன், கணீரென்று, வகுப்பில் படிப்பதுபோல. உன் அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, புது வண்டிக்கு வைக்கிற மாதிரி இதற்கும் எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ கோழிக்கு அரிசி போட வரும்போதெல்லாம் வேலியோரம் நின்று, ஆயிற்றா என்பதை மலாயில், “சுடா சியாப்?” என்பார். “சிகிட் லாகி,” இன்னும் கொஞ்சம்தான், என்று சிரித்துக்கொண்டே பொய் சொல்வாய். உள்ளே திரும்பினதும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

ஞாயிறு காலை உன் மோட்டார் சைக்கிளின் பின்னால், ‘குட்மார்னிங்’ என்று அச்சடித்த துண்டில் சுற்றிய ஹார்ட்டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கணினிக் கடைவரை வந்தேன். பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப்போகிறவள்போல. கடைக்காரர் சோதித்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். நல்ல செய்திதான். இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மறுபடி மஞ்சள் கோடு. மணி மத்தியானத்தைத் தாண்டியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கேயாவது நீ சரியாகப் பூட்டாமல் விட்டிருப்பாயோ என்று கேட்டேன். டீச்சர் கேட்கும் கேள்விதான். உனக்கு அது எங்கே பட்டதோ.

“இத்தன வருசம் போர்டு புடிச்ச கை இது. நீங்க என் கையைத்தான் சொல்லுவீங்க. நான் போனா வீடு சுத்தமா இருக்கும், அதான உங்களுக்கு?”

“போறதுன்னா போ,” என்றேன். “இந்தச் சனியனையும் தூக்கிட்டுப் போ.”

இதைச் சொல்லும்போதே கணினி அணைந்து எழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு தேங்காயை எடுத்துத் துருவினேன். நீ பின்வாசலுக்குப் போய், காயாத துணிகளைக் கொடியிலிருந்து வெடுக்வெடுக்கென்று உருவினாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. என் துருவல் உனக்கும் கேட்டிருக்கும்.

உன் அண்ணன் சோறு ஆயிற்றா என்று கேட்க எழுந்துவந்தவர் கூடத்தில் நின்றார். “என்னம்மா இது, டிவி மாதிரி கலரா வந்திருக்கு,” என்றார். நீ ஈரத்துணியோடு ஓடிவந்தாய், நான் தேங்காய்க் கையோடு. திரையில் வண்ணப் படம். இன்னும் எத்தனை நிமிடம் என்று ஓரத்தில் ஒரு கணக்கு, அது குறைந்துகொண்டே வந்தது. பழக்கதோஷத்தில் என் கை கீபோர்டுக்குப் போனது. ஈரத்துணியாலேயே தட்டிவிட்டாய்.

“தொடாதீங்க அண்ணி. யாரும் ஒண்ணும் செய்யாததாலதான் இது போவுது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓர் ஆசிரியை பாடம் முடிந்ததும், முதலிலிருந்து சொல்லவா என்று ஒரு மரியாதைக்குக் கேட்கிறாள். வகுப்பு ஒவ்வொரு முறையும் ஆமாம் டீச்சர் என்று கத்துகிறது. அந்த வகுப்பு இரண்டாம் பக்கத்தைப் பார்க்குமா? கணினி கேட்டது அவ்வளவுதான். விசையை அமுக்காமல் விட்டிருந்தால், அடுத்த பாடத்துக்குத் தானே போயிருக்கும். சொன்னதைச் செய், சொன்னதைச் செய் என்று பிள்ளைகளை வளர்த்தவளும், எந்திரம் சொன்னபடி கை அசைத்துப் பழகியவளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்?

இந்த உதாரணத்தை உனக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, அப்படியானால் படித்தவர்மேல்தான் குற்றம், அமுக்கியவள்மேல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பெரியவர் மகனோடு வந்து பெட்டியை எடுத்துப்போனார். திங்கட்கிழமை பஸ் உன்னை விட்டுவிட்டுப் போனது. உன் மகள் அன்றிரவு உன் தட்டில் மீன் துண்டு ஒன்றை எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் எத்தனை வருடம் என் கூடத்தின் ஜன்னலோரம் உன் மேசை கிடந்தது. எத்தனை திருகாணிகள் என் காலில் குத்தின. நான் வாய் திறந்தால் போதும், “போன்னு சொன்னவங்கதான நீங்க,” என்பாய், தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் முன்னால்கூட. ஆமாம், சொன்னேன். நான் போ என்றதால்தான் இரண்டு பேரும் மேசையை விட்டு எழுந்தோம். எழுந்ததால்தான் நீ இங்கே தங்கினாய். இதற்கு ஒரு நாளாவது எனக்கு நன்றி சொன்னாயா?

போன வருடம் மருத்துவமனையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். கண்ணைத் திறந்தாய்.

“புதுசா இருக்கே அண்ணி,” என்றாய்.

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. உன் மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடப் பழக்கத்தில் எந்தச் சொல்லுக்கு நீ மசிவாய் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நர்ஸுகள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், போறதுன்னா போ என்று அந்தக் கட்டிலருகே ஒருமுறை கத்திப் பார்த்திருக்கவேண்டும்.