செங்காய்

வெள்ளிக்கிழமை.

நைனா சாப்பிடாமலே படுத்துவிட்டார். காலையில் எங்கள் தோட்டத்துத் தக்காளியை நான் வேலை செய்யும் மண்டிக்குத்தான் கொண்டு வந்தார். மண்டிக்காரன் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பங்களாதேஷ் பார்டர மூடிட்டாங்கோண்ணா. லாரியே போவாது. பாதி ரேட்டுன்னா எறக்கு, இல்லாங்காட்டி மாட்டுக்குப் போடு."

நைனா இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். உடனே அந்த ஆள் தக்காளி தரம் பிரிக்கும் பெண்களான எங்களிடம் வந்தான்.

"செங்காயா பொறுக்குங்கமா. பழம் ஒண்ணுகூட வரக்கூடாது."

சென்னைக்கு என்றால் பழத்தைத்தான் கட்டுவோம். பாதி பழுத்த செங்காய், நாலைந்து நாள் ஓடும் பார்டர் லாரிக்கு மட்டும்தான். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இதுகூடத் தெரியாது என்று நினைத்தானா? என் கை நின்றுவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாமா, கனாவா? இந்தப் பொண்ணு துன்றதுக்கு மட்டுந்தான் வாய தொறக்கும்."

மற்ற பெண்களும் சிரித்தார்கள். நான் நைனாவின் தக்காளியிலிருந்தே வெடித்த பழமாக எடுத்து, பெட்டிக்கு நாலு நடுவில் வைத்து, மேலே செங்காயைப் பரப்பினேன். என் கைக்கு வந்த எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான்.

லாரி இந்நேரம் திருப்பதி தாண்டியிருக்கும். பார்டரில் திறக்கும்போது தண்ணீராக ஒழுகட்டும். இனி அவன் சரக்கை அங்கே யாரும் வாங்கக் கூடாது.

டிரைவர் அண்ணன்மேல் பழியைப் போடுவானோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. போட்டால், எல்லார் முன்னாலும் வாயைத் திறப்பேன். பார்டர் மூடிய கதையிலிருந்து ஆரம்பிப்பேன்.