என் அறைக்கு வந்த சூசையப்பர்

பிப்ரவரி 20

மாலை ஜெபம் முடிந்ததும் சூசையப்பர் என் அறைக்கு வந்துவிட்டார். இயேசுவை வளர்த்த தகப்பன், எங்கள் சபையின் பாதுகாவலர். சாகும்வரை துறவியாக இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிற சகோதரியின் அறையில், அது நடக்கும் தம் திருநாள்வரை அவர் தங்குவது இங்கே வழக்கம். நிற்கிற சூசையப்பர் இல்லை, தூங்குகிறவர். கனமான மரச் சிலை. ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கீழே கை வைத்திருக்கிறார். கனவில்தானே தேவதூதர் வந்து அவருக்கு எல்லாம் சொன்னார்? அதனால் எங்களுக்கு வேண்டியதையும் தூங்குகிறவரிடம்தான் கேட்போம்.

ஜன்னலோர மேசையில் படுக்க வைத்திருக்கிறேன். அவர் வந்ததிலிருந்து அறைக்கே பாதித் தூக்கம். துணி மடிக்கும்போதுகூட கை மெல்லத்தான் போகிறது.

பிப்ரவரி 23

சமையல்கட்டு சிஸ்டருக்கு ஒரே கேலி. ஆம்பளை இருக்கிற அறையாம், இனிமேல் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாராம். சூசையப்பரிடம் என்ன கேட்டாய் என்று மட்டும் விசாரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் போல.

வார்த்தைப்பாட்டுக்கு அப்பா வரவேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 26

அம்மாவோடு போனில் பேசினேன். நான் மடத்தில் சேர்ந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை, அது பழகிப்போயிற்று. இன்று அம்மா புதிதாக ஒன்று சொன்னாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையே இல்லையாம். அப்பா பஸ் ஓட்டுகிற வழியில் ஒரு சூசையப்பர் கோவில். தினமும் வண்டியை நிறுத்திவிட்டு அங்கே போய் அழுது கேட்டாராம். அப்புறம்தான் நான்.

"அவருக்குக் கோவம் உம்மேல இல்லடி. குடுத்துட்டு அவரே திருப்பி வாங்கிக்கிறாரேன்னு சூசையப்பர் மேலதான். அந்தக் கோவில் பக்கமே போறதில்ல. வேற ரூட்டு கேட்டு வாங்கிட்டாரு."

போனை வைத்துவிட்டு வந்து மேசையில் தூங்குகிறவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் யாரைத் தூது அனுப்பிக்கொண்டிருக்கிறேன்? அப்பா யார் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாரோ, அவரையே.

மார்ச் 2

விடியற்காலைக் கனவு. பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பா ஓட்டுகிறார். கடைசி சீட்டில் சூசையப்பர் படுத்திருக்கிறார், நிஜ மனிதராக, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தண்ணீர். பஸ் அதன்மேல் சத்தமில்லாமல் போகிறது. அப்பா, பின்னால் ஆள் இருக்கிறார் என்று சொல்லப் பார்க்கிறேன். அப்பா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

எழுந்து முகம் கழுவிய பிறகும் உடம்பில் அந்த ஆட்டம் இருந்தது.

மார்ச் 7

மழை. சூசையப்பர்மேல் சாரல் படாமல் மேசையைத் தள்ளிப் போட்டேன்.

மார்ச் 11

மடத்தை நடத்துகிற மதர் கூப்பிட்டுப் பேசினார்கள். வார்த்தைப்பாட்டு நாளில் தகப்பன் மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிவந்து விடவேண்டும். தகப்பன் இல்லாவிட்டால், வராவிட்டால், எங்கள் சபையில் சூசையப்பரே தகப்பன். மதர் சிலையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பார்கள். உனக்கு யார் என்று கேட்டார்கள்.

சூசையப்பரே போதும் என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எந்த வாயால அப்படிச் சொன்னேன்? போதலையே. இத்தனை பேருக்கு அப்பாவா இருக்கிறவர் எனக்கு மட்டும் போதலையா? தெரியலை — எனக்கு என் அப்பா வேணும், அவ்வளவுதான்.

மார்ச் 18

வந்துவிட்டார். அம்மாவோடு, பார்வையாளர் அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கையப் புடிச்சுக் குடுக்கல்லாம் என்னால முடியாது. வந்து உக்காந்துக்கிறேன்."

சரிப்பா என்றேன். அவர் மனதில் இல்லாததை எனக்காகச் செய்ய வேண்டாம். ஆனாலும் வலித்தது.

மார்ச் 19

பாட்டு தொடங்கியது. மதர் சூசையப்பரை இரு கையிலும் ஏந்திக்கொள்ள, நான் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் மதருடைய முட்டி மடங்கிவிட்டது. சிலை நழுவியது. ஓரத்து பெஞ்சிலிருந்து யாரோ பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்தார்கள். அப்பா.

மதர் பெஞ்சைப் பிடித்து நிமிர்ந்தார்கள். சிலையைத் திருப்பி வாங்கவில்லை. நீங்களே கொண்டு வாருங்கள் என்று தலையசைத்தார்கள். அப்பா குனிந்து சூசையப்பரின் முகத்தைப் பார்த்தார். பாட்டு இரண்டு அடி போயிருக்கும். பிறகு, தூங்கும் குழந்தையைச் சாய்ப்பதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் கூட நடந்தேன். என் கையை அவர் பிடிக்கவேயில்லை.

பூசை முடியும்வரை மடியிலேயே வைத்திருந்தார். சமையல்கட்டு சிஸ்டர் போய்க் கேட்டும் தரவில்லை.

கிளம்பும்போதுதான் என் கையில் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிலையின் காதருகே குனிந்தார்.

"எம்பொண்ணு. பாத்துக்கங்க."