வேதா சாப்பிடும் நேரம்

11-1-76, ஞாயிறு

பாக்டரியில் ஏலம் எடுத்த பேக்கிங் கேஸ் பலகைகளை ரிக்‌ஷாவில் ஏற்றி மல்காஜ்கிரி வந்து சேர்வதற்குள் இடுப்பு போயிற்று. கூட வந்த அய்யாக்கண்ணு எங்கள் தச்சுப் பிரிவு. வாய் கொஞ்சம் நீளம். "தேவராஜண்ணே, மேஜை ஆயிட்டா அண்ணியும் உங்க கூடவே உக்காந்து சாப்பிடணும், சொல்லிட்டேன்" என்றான். உள்ளேயிருந்து வேதா, "நக்கோ நக்கோ! அவரு சாப்பிட்டு எழுந்தாத்தான் எனக்கு இறங்கும்" என்றாள். செகந்திராபாத்தில் பிறந்தவள், வேண்டாம் என்று சொல்லவே வராது, நக்கோதான்.

இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. நான் சாப்பிட்டுவிட்டுப் பேப்பரோடு சாய்ந்த பிறகு, அவள் அடுக்களையில் தனியாக. என் அம்மாவும் அப்படித்தான். சரி, இங்கே இருப்பதே இரண்டு பேர், பிள்ளை குட்டி இல்லை. யாருக்காக இந்த வரிசை? மேஜை வரட்டும், ஒழித்துக் கட்டுகிறேன்.

போன மாத ரேஷன் அரிசி இன்னும் டின்னில் கிடக்கிறது. என் பெண்டாட்டி கெட்டிக்காரி!

25-1-76, ஞாயிறு

இரண்டு கால் முடிந்தது. நான் அறுக்க, வேதா பலகையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். "வயசாகுதில்ல?" என்று சிரிக்கிறாள். நாற்பத்தொன்று ஒரு வயசா?

8-2-76, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி கண்டிப்பேட்டை ஏரிக்குப் போனோம். நல்ல காற்று. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். எனக்குப் பரிமாறிவிட்டு, "நான் கிளம்பும்போதே சாப்பிட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நாலு மணிக்கு எழுந்து கிண்டினவள், வந்த இடத்தில் ஒரு வாய் சாப்பிடக்கூடாதா? "அப்ப எனக்கும் வேணாம்" என்று டப்பாவை மூடினேன். பயந்துபோய் ஒரு கவளம் எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் எழுந்து மரத்துக்குப் பின்னால் போனாள். ஒரே இருமல். கண்ணெல்லாம் சிவந்து வந்தாள். "புரை ஏறிடுச்சு." தலையில் தட்டிக்கொடுத்தேன். பெரிய வைத்தியன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மேல் சாய்ந்து தூங்கினாள். தோள் எலும்பு குத்திற்று.

22-2-76

வார்னிஷ் அடித்தேன். வாசனை பிடிக்கவில்லையாம், மேஜை ஆடுகிறதாம், இன்னொரு வாரம் போகட்டுமாம். ஆடவில்லை. நான் செய்தது எப்படி ஆடும்?

29-2-76, ஞாயிறு

மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு. எதிரெதிரே.

உட்காரவே மாட்டேன் என்கிறாள். ரசம் எடுக்க எழுந்தாள், அப்பளத்துக்கு எழுந்தாள், தண்ணீருக்கு எழுந்தாள். "உக்காருடி!" என்று கத்தினேன். உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அப்படியே கையில் துப்பினாள்.

"இறங்கலைங்க."

என்னடி இறங்கலை?

"தீபாவளியிலேருந்து சோறு இறங்கலை. நெஞ்சுல நிக்குது. கஞ்சித்தண்ணி, மோருதான். தானாச் சரியாப் போயிடும்னு நெனச்சேன். பாக்டரிக்குப் போற மனுஷன்கிட்ட எதுக்குச் சொல்றது..."

நாலு மாசம். அடுத்த ரூமில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அரிசி மிச்சம் என்று இதே நோட்டில் எழுதிவைத்திருக்கிறேனே. கெட்டிக்காரியாம். பாவி, நான் பாவி.

3-3-76

டாக்டர் என்னைத்தான் கேட்டார். "சாதம் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? ஒரு வேளைக்கு எவ்வளவு போகுது?" நான் வேதாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "உங்க ஒய்ஃப் என்ன சாப்பிடறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது சார்.

14-3-76

ரிசல்ட் வந்துவிட்டது. இங்கே அந்த வார்த்தையை எழுத மாட்டேன்.

18-4-76

நெஞ்சுக் கட்டி கரைய மெஷினில் கரண்ட் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதிகூட நிரம்பவில்லை அவள். கஞ்சி கொண்டுபோனால் முதல் கேள்வி, "நீங்க சாப்டீங்களா?" ஆச்சு என்றேன். என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "பொய்யி. குழம்பு வாசனையே இல்லை. நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, அப்புறம் எனக்கு."

இங்கேயுமா வேதா? கெஞ்சினேன், திட்டினேன், பக்கத்துக் கட்டில்காரி சிரிக்கிறாள். நக்கோ என்றால் நக்கோதான். கேன்டீனுக்கு ஓடி இரண்டு இட்லியைச் சாம்பாரில் தோய்த்து நின்றபடி விழுங்கி, கையைக் கழுவாமல் வந்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். மூன்று ஸ்பூன்.

9-5-76

இப்போதெல்லாம் வேளா வேளைக்குச் சாம்பார் சாதமாகவே சாப்பிடுகிறேன், கை மணக்க வேண்டுமே. இன்று ஒரு ஸ்பூன்.

2-6-76

காலை பத்தேகால். வேதா போயிட்டா.

17-6-76

பதினாறாம் நாள். அவள் தம்பி ஜெகநாதனும் அவன் வீட்டுக்காரியும் எல்லாம் சமைத்தார்கள். சாதம், வடை, உருளைக்கிழங்கு வறுவல், நான் கேட்டதற்காகப் புளிசாதமும். தரையில் அவள் படத்தை வைக்கப் போனான் ஜெகநாதன். வேண்டாம், மேஜை மேல் வை என்றேன். வைத்தான். அவள் நாற்காலிக்கு நேரே இலை போட்டு நானே பரிமாறினேன். எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. அவள் எவ்வளவு சாப்பிடுவாள் என்று எனக்கு எப்போது தெரிந்தது? நிறைய வைத்தேன்.

எதிர் நாற்காலியை இழுத்தேன். ஜெகநாதன் கையைப் பிடித்தான். "மாமா, வெளிய வாங்க. கதவைச் சாத்தணும். அக்கா சாப்பிடட்டும். அப்புறம்தான் நாம."

சாத்தினார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நல்ல பசி. கதவுக்கு வெளியே நின்றேன். அவள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்று நின்றேன்.