சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்

பாகூர், மாசி மாதம், வியாழக்கிழமை

பிரான்சிலிருந்து கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதாம். எனக்கு இன்று காலையில்தான் தெரியும். தத்துவ மேற்படிப்புக்கு இடம் உண்டா இல்லையா என்று நான் தபால்காரர் பின்னால் நாயாக அலைய, அப்பா அதை வாங்கிப் பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்! கேட்டால், "செவ்வா அஷ்டமி, புதன் நவமி. அந்த நாள்ல பிரிச்சா வெளங்குமாடா?" என்கிறார். காரண காரியம் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதி அனுப்பியவன் வீட்டில்!

இன்று குளித்துவிட்டு வந்து, சூடம் காட்டி, அவரே உறையைக் கிழித்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

"இன்னாடா போட்டிருக்கான்?"

"இடம் கெடச்சிருக்குப்பா."

"பாத்தியா? நல்ல நாள் பாத்துப் பிரிச்சேன், கெடச்சிடுச்சி!"

தெருவுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். என் வாயிலும் ஒன்றைப் போட்டார். கிணற்றடிக்குப் போய்த் துப்பினேன்.

கடிதத்தின் இரண்டாவது பத்தியை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. என் சம்மதம் இந்த மாதக் கப்பலிலேயே புறப்பட வேண்டும், தவறினால் இடம் அடுத்தவனுக்கு. கப்பல் புதுச்சேரியை விட்டு நேற்றே போய்விட்டது.

நேற்று நவமி.