இருவர் விரிக்கும் கூடாரம்

என் பழைய சண்டைக்காரனுக்கு,

காருக்குப் பின்னால் நாம் இழுத்துத் திரிந்த மடிப்புக் கூடார வண்டியை விற்றுவிடு என்று புது வீட்டிலிருந்து எழுதியிருந்தாய். விற்கவில்லை. டெவன் கடற்கரையில் அதற்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

விரிக்கும்போது வழக்கம்போல் முகாமில் எல்லோரும் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். "ரெண்டு பேர் வேலையாச்சேம்மா, வீட்டுக்காரர் எங்க?" என்றார் பக்கத்துக் கூடாரத்து ட்ரெவர்.

"ஆள் குறைஞ்சதுல சண்டைதான் குறைஞ்சிருக்கு. நீங்க டீயைக் குடிங்க" என்றேன்.

முதலில் வண்டியின் நான்கு தாங்குகால்களையும் ஊன்றினேன். அதை மறந்து பக்கவாட்டில் நீளும் படுக்கையில் நீ ஏறி வண்டி குடைசாய்ந்தது நினைவிருக்கிறதா? கல்யாணத்தின்போது வாங்கிய கூடாரத் துணி, இன்றைய மழைக்கும் ஒழுகவில்லை.

நீ படுக்கும் பக்கத்துப் படுக்கையையும் விரித்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அதை விரிக்காவிட்டால் துணி விறைப்பாக நிற்காது. அதில் இப்போது என் சேற்று பூட்ஸ் படுத்திருக்கிறது.

இப்படிக்கு,
தனியே விரித்தவள்