என் மேசையில் எந்தச் சிப்

மார்ச் 4, செவ்வாய்
புது லேப்டாப் வந்துவிட்டது. மடியில் வைத்தால் சுடவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை. உள்ளே வேறு வகைச் சிப். பாரோயில் இருக்கும் எங்கள் ஆபீஸில் எல்லார் மேசையிலும் இதுவரை ஒரே வகைதான். பாஸ் குணாளன் ஏற இறங்கப் பார்த்தார். "பழசுக்கு என்ன கொறச்சல், டோரின்?"

மார்ச் 11
மானம் போச்சு. கோலா கிளாவாங் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு நான் எழுதிய மென்பொருளின் புதுப் பதிப்பைப் புது லேப்டாப்பிலேயே தயாரித்து அனுப்பினேன். அங்கே இருப்பது பழைய வகைச் சிப். திறக்கவே இல்லை. ஒன்றுக்குத் தயாரித்தது மற்றதில் ஓடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லா மெஷினும் ஒரே வகை என்று பழகிப்போன கை, யோசிக்கவில்லை.

அங்கே கணக்கெழுதும் கிராணி லோகேஸ்வரி போனில் கத்தினார். "செம்பனை லாரிங்க கேட் வரைக்கும் நிக்குதுலா! டிரைவருங்க என்னையத்தான் ஏசுறாங்க!" பழைய லேப்டாப்பில் மறுபடி தயாரித்து அனுப்பினேன்.

மார்ச் 12
"அத வீட்லயே வச்சுக்க. ஆபீஸுக்குக் கொண்டு வராத." பாஸ் அவ்வளவுதான் சொன்னார். அழுகையா வருது. ஒரு தப்புக்கு இப்படியா—

மார்ச் 16, ஞாயிறு
சர்ச் பூசையில் மனம் நிற்கவில்லை. நாங்கள் எந்த வகையில் மென்பொருள் எழுதுகிறோமோ அதே வகையைத்தான் தோட்டங்களும் வாங்குகின்றன. வேறு எதிலும் நாங்கள் ஓட்டிப் பார்த்ததே இல்லையே! அப்படியிருக்க, அந்தச் சிப் செய்கிறவர்கள் விலையைக் குறைக்க எதற்கு மெனக்கெட வேண்டும்? வீட்டிலேயே இரண்டு வகைக்கும் தயாரிக்கப் போகிறேன்.

மார்ச் 27
ஓடுகிறது. இரண்டிலும்!

ஏப்ரல் 3
பக்கத்து மேசை ரியானும் புது வகை வாங்கிவிட்டான். பாஸிடம் அவனும் மூச்சுவிடவில்லை.

ஏப்ரல் 15
தம்பின் ஊர்த் தோட்டத்தில் புது எடைமேடை. அதற்குக் கம்ப்யூட்டர் விற்க பாஸ் அறைக்கு வந்த புனிதன் வழக்கம்போல் பழைய வகையை மட்டும் காட்டினார். நான் கதவருகே நின்று, "நம்ம சாஃப்ட்வேர் இப்ப ரெண்டு வகையிலயும் ஓடும் பாஸ்," என்றேன்.

யாரும் கேட்காமலே புனிதன் பழைய வகையின் விலையைக் குறைத்தார். உத்தரவாதக் காலத்தையும் நீட்டினார்.

"இத்தன வருஷமா இந்த வெல எங்க இருந்துச்சு?" என்றார் பாஸ்.

"நீங்க வேற எங்கயும் போக மாட்டீங்கனு சிப் கம்பெனிக்குத் தெரியும்லா," என்றார் புனிதன்.

ஏப்ரல் 29
தம்பினுக்குப் பழைய வகையே போனது. வருத்தமில்லை, இம்முறை அதுதான் நல்ல பேரம். 

இன்று புனிதன் இரண்டு வகை மெஷினோடும் வந்தார். எப்போதும் நேராக பாஸ் அறைக்குப் போகிறவர், என் மேசையருகே நின்றார். "அடுத்து நீங்க எத வாங்கப் போறீங்க, மிஸ்?"

உள்ளேயிருந்து பாஸ் குரல் வந்தது. "நாளைக்கு அந்த லேப்டாப்ப எடுத்துட்டு வா டோரின். அவரும் பாக்கட்டும்லா."