ஒற்றைக்கண் ஒட்டகம்

முகாம்,
8-9-1977

அன்புள்ள பூவாயிக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கும் அம்மா சுகத்துக்கும் எழுது.

புது வேலை எல்லைப் பக்கம். மஸ்கட் ரூவியிலிருந்து லாரியில் இரண்டு நாள். எங்கே எத்தனை கூடாரம், எத்தனை தலை என்று எழுதி மேப்பில் ஏற்ற வேண்டும். மூன்று நாள் ஒரு மனுசரும் கண்ணில் படவில்லை. நாலாம் நாள் நாடோடிகள் ஏழு பேர், பத்து ஒட்டகம். பெண்களுக்கு முகமூடி, ஆண்களுக்கு மூக்கு வரை தலைத்துணி. பெயர் வேண்டாம், தலைக்கணக்கு போதும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. லாரி டிரைவர் கௌஸ் முகம்மது பாய்தான் அவர்களோடு பேசுகிறார். எங்கள் தண்ணீர் லாரியிலிருந்து அவர்களுக்கும் ஊற்றினோம். அதற்குக் கூலியாக, அவர்களுடைய ஒற்றைக்கண் ஒட்டகம் கூடாரத்துக்குள் தலையை விட்டு என் சப்பாத்தி மாவைத் தின்றுவிட்டது.

வேலை முடிந்தால் கலாஸ், இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், எல்லாம் தீர்ந்தது என்று. தைக்கு ஊருக்கு அனுப்புவதாக இஞ்சினியர் ரகுநாதன் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன்
கார்மேகம்

கருவேலம்பட்டி,
27-9-1977

அன்பு மச்சானுக்கு,

கல்யாணமாகி நாலே மாசத்தில் போனவர், இரண்டு வருசம் ஆகப்போகிறது. போன கடிதத்தில் ஒரு நாட்டு ஸ்டாம்பு, இதில் வேறு நாட்டு ஸ்டாம்பு. உங்கள் மகன் துபாயா மஸ்கட்டா என்று அத்தையைத் தெருவே கேட்கிறது. எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்காவது தெரியுமா?

தைப்பொங்கலுக்கு இன்னும் நூற்றொன்பது நாள். காலண்டரில் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

பூவாயி

முகாம்,
20-10-1977

அன்புள்ள பூவாயிக்கு,

எந்த நாடு என்று எனக்கே குழப்பம்தான். எல்லைக்கோடு சாருடைய காகிதத்தில் இருக்கிறது, மணலில் இல்லை. சமைப்பது ஒரு நாட்டில், படுப்பது இன்னொன்றில் என்கிறார் கௌஸ் பாய். லாரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஸ்டாம்பு.

முப்பது மைல் தள்ளி முகாம் போட்டோம். இரண்டாவது நாளே ஏழு பேர் வந்தார்கள். அதற்கும் அப்பால் போனோம், அங்கேயும் ஏழு. எல்லா இடத்திலும் அதே காபி, அதே உபசாரம். இங்கே ஒரு ஒற்றைக்கண் ஒட்டகம் என் பனியனை மென்றுவிட்டது. ஆக இருபத்தொரு தலை. சாருக்கு ஏக சந்தோசம். மூன்று இடத்திலும் கிணறு தோண்டச் சொல்லி எழுதப்போகிறார். எனக்குத்தான் எல்லா மணலும் ஒன்றாகத் தெரிகிறது.

டிக்கெட் உறுதி. என்ன வாங்கி வரட்டும்?

உன்
கார்மேகம்

கருவேலம்பட்டி,
9-11-1977

அன்பு மச்சானுக்கு,

ஒன்றும் வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

ஒரு சந்தேகம். அந்த நாட்டு ஒட்டகத்துக்கெல்லாம் ஒரு கண்தானா? முதல் இடத்தில் ஒன்று, மூன்றாவது இடத்தில் ஒன்று. எங்கே போனாலும் கூட்டாமல் குறைக்காமல் ஏழு பேர். இங்கே பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு தெருவே பின்னால் ஓடுகிறோம். மனுசர் முகம் தெரியாவிட்டால் ஒட்டகத்து முகத்தையாவது நன்றாகப் பாருங்கள். நான் அஞ்சாம் வகுப்பு. தப்பென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பூவாயி

முகாம்,
2-12-1977

அன்புள்ள பூவாயிக்கு,

சிரிக்க முடியவில்லை. கௌஸ் பாயை விட்டுக் கேட்டேன். அவர்களில் பெரியவர் முகத்துணியை இறக்கிவிட்டு, “நீங்க தண்ணியோட போறீங்க, நாங்க தண்ணிக்குப் பின்னாலே வர்றோம். அதுக்கு எதுக்கு ஒவ்வொரு தடவையும் எழுதுறீங்க?” என்றாராம். இருபத்தொன்று இல்லை. ஏழேதான்.

இரண்டு நாள் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் தைக்கு உன்னிடம் வந்திருப்பேன், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் நாங்கள் கூடாரம் போட்ட இடத்திலெல்லாம் கிணறு வெட்டி யாருக்கு? சாரிடம் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து மறுபடி எண்ண வேண்டுமாம். ஆவணி வரைக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாது. பாஸ்போர்ட்டும் கம்பெனி கையில். செய்தது சரியா பைத்தியக்காரத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

கார்மேகம்

கருவேலம்பட்டி,
24-12-1977

அன்பு மச்சானுக்கு,

அழுதேன். கோபம் உங்கள் மேல் இல்லை, என் வாய்மேல். அந்த ஒட்டகத்தைப் பற்றிக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

நேற்று ரேஷன் கார்டு சரிபார்க்க ஆள் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அத்தை மூன்று என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பைக் காட்டியிருக்கலாம். ஆனால் அங்கேயும் உங்களை ஒரு தலையாக யாராவது எழுதியிருப்பார்களே. “ரெண்டு பேருதான்” என்று நானே சொன்னேன். உங்கள் பெயரை அடித்துவிட்டார். அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை.

நீங்கள் செய்தது சரி. ஆவணியில் வாருங்கள். முதலில் பெயர் சேர்க்கத் தாலுகா ஆபீஸ், அப்புறம்தான் வீடு.

பூவாயி